கடன் தருவதற்கு முன் காசு கேட்கிறார்கள், கட்டலாமா?

முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். கச்சான் (நிலக்கடலை) செய்கைக்கும், பழைய லான்ட்மாஸ்டரை, அதாவது இரு சக்கர உழவு இயந்திரத்தைத் திருத்தவும் 5 இலட்சம் ரூபா கடன் தேடியிருக்கிறார். வங்கி இல்லை என்றுவிட, பேஸ்புக்கில் ஒரு விளம்பரம் கண்டு வட்ஸ்அப்பில் விண்ணப்பித்தார். அடையாள அட்டையின் இரண்டு பக்கத்தையும் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினார். அரை மணித்தியாலத்தில் கடன் சரி என்று கடிதம் வந்துவிட்டது. கோப்புக் கட்டணம் என்று 3,500 ரூபா, அடுத்த நாள் காப்புறுதி என்று 15,000 ரூபா கட்டினார். இப்போது, "நீங்கள் தந்த கணக்கு இலக்கத்தில் ஓர் எண் பிழை, பணம் முடங்கிவிட்டது, 28,000 கட்டினால் விடுவிப்போம்" என்கிறார்களாம். இந்தக் கம்பனி உண்மையானதா, எப்படிக் கண்டுபிடிப்பது என்பது கேள்வி.

கேள்வி அப்படி எழுதப்பட்டிருந்தாலும் மனதில் கிடப்பது வேறு என்றே நினைக்கிறேன். 28,000 ரூபாவையும் எங்காவது கைமாற்றாக வாங்கிக் கட்டினால் கடன் வருமா, கட்டாமல் விட்டால் ஏற்கெனவே கட்டின 18,500 வீணாகிவிடுமா? அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கடன் வராது. 28,000 கட்டினால் அடுத்து வரி என்றோ முத்திரைக் கட்டணம் என்றோ இன்னொரு தொகை கேட்பார்கள். இனி ஒரு சதமும் கட்டாதீர்கள். இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

நான் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முதலில் கூட்டுறவிலும் பிறகு வங்கியிலுமாகக் கடன் பிரிவில் நீண்ட காலம் இருந்தவன். கடன் விண்ணப்பங்களைப் படித்து, வீடு வயல் பார்த்து, சிலருக்குச் சரியென்றும் பலருக்கு இல்லையென்றும் சொன்ன வேலை அது. நான் சட்டத்தரணி அல்ல, பொலிஸும் அல்ல. அதனால் கடன் கொடுப்பவர்கள் எப்படி நடப்பார்கள் என்பதை உறுதியாகச் சொல்வேன். வழக்கு எப்படிப் போகும், கட்டின காசு திரும்புமா என்பதில் அந்த உறுதியை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

கடன் கொடுக்கிறவனுக்கு எப்போதும் ஒரு பயம் இருக்கும்: கொடுத்த காசு திரும்பி வருமா என்ற பயம். வங்கியில் உங்களை அலைக்கழிக்கிறார்கள் என்று நீங்கள் சலித்துக்கொள்ளும் எல்லாமே அந்தப் பயத்திலிருந்து வருவதுதான். சம்பளத் துண்டு கேட்பது, இரண்டு பிணையாளர் கேட்பது, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் கேட்பது, மின்கட்டணப் பட்டியல் கேட்பது, போன போகம் எத்தனை மூடை கண்டீர்கள் என்று விசாரிப்பது, வேறு எங்கே கடன் இருக்கிறது என்று தோண்டுவது. உங்களிடம் வட்ஸ்அப்பில் பேசியவர்கள் இதில் எதைக் கேட்டார்கள்? வருமானம் கேட்கவில்லை. பிணை கேட்கவில்லை. மழை பிழைத்துக் கச்சான் போனால் எப்படிக் கட்டுவீர்கள் என்று கேட்கவில்லை. 5 இலட்சத்தை முன்பின் தெரியாத ஒருவருக்குக் கொடுக்கப்போகிறவர் இவ்வளவு கவலையில்லாமல் இருக்க முடியாது. அவர்களுக்குப் பயம் இல்லாததற்குக் காரணம், அவர்கள் எதையும் கொடுக்கப் போவதில்லை என்பதே. இந்த ஒன்றை வைத்தே பெரும்பாலான மோசடிகளை முதல் நாளிலேயே பிடித்துவிடலாம்.

அந்த அனுமதிக் கடிதத்தை நான் பார்க்கவில்லை. ஆனால் இந்த மாதிரிக் கடிதங்களை விசுவமடு, தருமபுரம், மல்லாவிப் பக்கத்து ஆட்கள் போனில் கொண்டுவந்து காட்டிப் பார்த்திருக்கிறேன், எல்லாம் ஒரே அச்சு. மேலே ஒரு நிதி நிறுவனத்தின் சின்னம், பக்கத்தில் இலங்கை மத்திய வங்கியின் சின்னம். போனில் விரல்களால் விரித்துப் பெரிதாக்கினால் சின்னத்தின் ஓரம் மங்கிப் பூத்திருக்கும். நடுவில் உங்கள் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் மட்டும் மற்ற எழுத்திலிருந்து வேறு அளவில், கொஞ்சம் மேலே ஏறியோ கீழே இறங்கியோ நிற்கும். கீழே நீல மையில் ஒரு கையெழுத்து, அதன்மேல் வட்ட முத்திரை. கையெழுத்தும் முத்திரையும் கடிதத்துக்குக் கடிதம் அணு அளவும் மாறாது. தமிழ் ஒருவித இயந்திரத் தமிழாக இருக்கும், "வாழ்த்துக்கள், உங்கள் கடன் வெற்றிகரமாக அங்கீகரிக்கப்பட்டது" என்று. இதில் மத்திய வங்கியின் சின்னம் ஒன்றே போதும். மத்திய வங்கி தனியாட்களுக்குக் கடன் கொடுப்பதும் இல்லை, இன்னொரு நிறுவனம் கொடுக்கும் கடனுக்கு ஆளாளுக்குச் சான்றுக் கடிதம் அனுப்புவதும் இல்லை.

கணக்கு இலக்கம் பிழை என்ற கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கெட்டிக்கார ஆட்களும் மாட்டுவது அங்கேதான். நீங்கள் சரியான இலக்கத்தைத்தான் கொடுத்திருப்பீர்கள். அவர்கள் தங்கள் பக்கத்தில் ஓர் எண்ணை மாற்றிவிட்டு, படமெடுத்து உங்களுக்கே அனுப்புவார்கள். சிலர் ஒரு செயலியோ இணையப் பக்கமோ கொடுத்து, அதில் உங்கள் பெயரில் 500,000 ரூபா வந்து நிற்பதாகவே காட்டுவார்கள். எடுக்கப் போனால் "முடக்கப்பட்டுள்ளது" என்று வரும். அது திரையில் அடித்த எண், அதன் பின்னால் காசு இல்லை. உங்களுக்கோ பிழை நம்முடையது என்ற குற்ற உணர்வு வந்துவிடும். கட்டினது போகக்கூடாதே என்ற தவிப்பும் சேரும். முதலில் 3,500, பிறகு 15,000, பிறகு 28,000 என்று தொகை ஏறுவதும் அந்தத் தவிப்பின் மேல்தான். உண்மையான வங்கியில் கணக்கு இலக்கம் பிழைத்தால் பணம் பெரும்பாலும் அனுப்பிய இடத்துக்கே திரும்பிவிடும், அல்லது வங்கிகள் தங்களுக்குள் பேசித் திருத்தும். அதற்காகக் கடன் வாங்குகிறவரிடம் தண்டம் கேட்கிற வழக்கமே கிடையாது.

இன்னொன்றை நீங்களே இப்போது பார்க்கலாம். 15,000 ரூபா கட்டின சிட்டையை எடுத்து, யாருடைய கணக்குக்குப் போயிருக்கிறது என்று பாருங்கள். கம்பனி பெயரா, தனியாளின் பெயரா? அநேகமாக ஒரு தனியாளின் பெயர், அதுவும் கடிதத்தில் கையெழுத்து வைத்தவரின் பெயரல்லாத வேறொன்று இருக்கும். நிதி நிறுவனம் தன் கட்டணத்தை ஊழியரின் சொந்தக் கணக்குக்கோ, ஈசி கேஷ் போன்ற போன் வழிப் பணச் சேவையில் ஒருவரின் இலக்கத்துக்கோ வாங்காது. அந்தக் கணக்குக்காரர் பல நேரம் மோசடிக்காரரே அல்ல. மாதம் சில ஆயிரம் தருகிறோம் என்று சொல்லி, வேலையில்லாத ஒரு பெடியனின் கணக்கையும் ஏடிஎம் அட்டையையும் வாங்கி வைத்திருப்பார்கள். பொலிஸ் தேடும்போது முதலில் அகப்படுவது அந்தப் பெடியன்தான். வீட்டில் இளம் பிள்ளைகள் இருந்தால் இதைச் சொல்லி வையுங்கள்: கணக்கை ஒருவருக்கும் வாடகைக்குக் கொடுக்கக் கூடாது.

கடனுக்கு முன்னால் எந்தக் கட்டணமும் கிடையாது என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. காணி ஈடு வைத்து எடுக்கும் கடனுக்கு மதிப்பீட்டாளருக்கும் காணி உறுதிப் பத்திரம் பார்க்கும் சட்டத்தரணிக்கும் முன்கூட்டியே கட்ட வேண்டி வரலாம். அதற்கு ஆள் நேரில் வருவார், காணியைப் பார்ப்பார், ரசீது தருவார், கடன் கிடைக்காவிட்டாலும் அந்தச் செலவு ஏன் என்று உங்களுக்கு விளங்கும். சாதாரண தனிநபர் கடனில் ஆவணக் கட்டணமோ காப்புறுதியோ இருந்தால், கிளையில் ரசீதோடு கட்டுவீர்கள் அல்லது கடன் தொகையில் கழித்துவிட்டு மிச்சத்தைக் கணக்கில் போடுவார்கள். இதைச் சொல்லிப் பாருங்களேன்: "அந்த 28,000ஐ 5 இலட்சத்தில் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தாருங்கள்." கழிக்க முடியாது, சட்டம் விடாது என்று ஏதாவது சொல்வார்கள். கழிக்க அங்கே காசு இல்லை.

கம்பனி உண்மையானதா என்று பார்க்கும் வழிக்கு வருகிறேன். கம்பனிப் பதிவுச் சான்றிதழைக் காட்டினார்கள் என்பதை வைத்து நம்பாதீர்கள். 2007ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டத்தின் கீழ் யாரும் ஒரு கம்பனியைப் பதியலாம். அது நிதி வியாபாரம் செய்யும் அனுமதி ஆகாது. வங்கிகளுக்கு 1988ஆம் ஆண்டின் வங்கிச் சட்டத்தின் கீழும், நிதிக் கம்பனிகளுக்கு 2011ஆம் ஆண்டின் நிதி வியாபாரச் சட்டத்தின் கீழும் மத்திய வங்கி உரிமம் கொடுக்கிறது. உரிமம் பெற்றவர்களின் பட்டியல் மத்திய வங்கியின் இணையத்தளத்தில் இருக்கிறது. 1935 என்ற இலக்கத்துக்கு எடுத்தும் கேட்கலாம், அது மத்திய வங்கியின் நிதி வாடிக்கையாளர் பிரிவு. ஆனால் பட்டியலில் பெயர் இருப்பதோடு வேலை முடியாது. மோசடிக்காரர்கள் பட்டியலில் உள்ள பெயரையே திருடுகிறார்கள், அல்லது ஓர் எழுத்தை மட்டும் மாற்றுகிறார்கள். ஆகவே கடிதத்தில் உள்ள தொலைபேசி இலக்கத்தை விட்டுவிட்டு, கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ முல்லைத்தீவிலோ உள்ள அந்த நிறுவனத்தின் கிளைக்கு நேரே போய், கடிதத்தைக் காட்டிக் கேளுங்கள். பஸ் காசும் அரை நாளும் போகும், போகட்டும். "எங்களுக்குக் கிளை இல்லை, எல்லாம் ஒன்லைன்தான்" என்றால் அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

மறுபக்கமும் ஒன்று உண்டு. பட்டியலில் இல்லாத எல்லாருமே கள்ளர் என்று ஆகாது. 2016ஆம் ஆண்டின் நுண்நிதிச் சட்டம் வைப்புப் பணம் வாங்குகிற நிறுவனங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. வைப்பு வாங்காமல் கடன் மட்டும் கொடுப்பவர்கள் அதற்கு வெளியில் நின்றார்கள். அவர்கள் உண்மையாகவே காசு தருவார்கள், ஆனால் வட்டி கழுத்தைப் பிடிக்கும். இது மோசடியிலிருந்து வேறான ஆபத்து. வன்னியில் இதைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. கிழமைக்கிழமை குழுவாக இருந்து கட்டின கடன்களில் எத்தனை பெண்கள் நொந்தார்கள் என்பது தெரிந்ததுதான். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஓர் இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களை அரசு நிபந்தனைகளோடு தள்ளுபடி செய்யும் அளவுக்குப் போனது. ஒரு கணக்கு மட்டும் காட்டுகிறேன். "மாதம் இரண்டரை வீதம்தான்" என்று 100,000 ரூபா தருகிறார்கள், 12 மாதம், மாதம் 10,833 ரூபா. வட்டி 30,000, ஆகவே ஆண்டுக்கு 30 வீதம் என்று நினைப்போம். ஆனால் வாங்கிய தொகையை மாதாமாதம் குறைத்துக்கொண்டே வருகிறீர்கள், வட்டியை மட்டும் கடைசி வரை முழு இலட்சத்துக்கும் கட்டுகிறீர்கள். குறைந்துசெல்லும் மீதிக்குக் கணக்கிட்டால் அது ஆண்டுக்கு 50 வீதத்தைத் தாண்டும். எங்கே கடன் எடுத்தாலும் "மீதிக்கு வட்டியா, முழுத் தொகைக்கு வட்டியா" என்று கேளுங்கள்.

போனில் இறக்கும் கடன் செயலிகள் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. 20,000 என்பார்கள், சேவைக் கட்டணம் 6,000 கழித்து 14,000 போடுவார்கள், 14 நாளில் 20,000 கேட்பார்கள். இரண்டு கிழமைக்கு ஏறக்குறைய 43 வீத வட்டி. அதைவிட மோசம், செயலியைப் போடும்போது உங்கள் தொடர்பு இலக்கங்களுக்கும் படங்களுக்கும் அனுமதி கேட்பது. ஒரு நாள் பிந்தினால் அந்த இலக்கங்களில் உள்ள மாமா, டீச்சர், வேலைத்தலத்துப் பெரியவர் எல்லாருக்கும் செய்தி போகும், படத்தை மாற்றிக் கேவலமாக்கியும் அனுப்புவார்கள். கூகுள் தன் பிளே ஸ்டோரில் தனிநபர் கடன் செயலிகள் தொடர்புகளையும் படங்களையும் எடுப்பதை 2023இலிருந்து தடைசெய்திருக்கிறது. 60 நாளுக்குள் முழுக்கக் கட்டச் சொல்லும் கடன்களுக்கும் அங்கே இடமில்லை. அதனால்தான் வட்ஸ்அப்பில் கோப்பாகவோ இணைப்பாகவோ அனுப்பி இறக்கச் சொல்கிறார்கள். அப்படி வரும் எதையும் போனில் ஏற்றாதீர்கள்.

சகோதரி, இனி நீங்கள் செய்ய வேண்டியது. கோபத்தில் வட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள். செய்திகள், குரல் பதிவுகள், போன் இலக்கங்கள், விளம்பரத்தின் படம், கட்டின சிட்டைகள் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து இன்னொருவரின் போனுக்கும் அனுப்பி வையுங்கள். பிறகுதான் அவர்களை புளொக் பண்ண வேண்டும். அடுத்து, காசு எந்த வங்கிக் கணக்கிலிருந்து போனதோ அந்த வங்கிக்குப் போய் எழுத்தில் முறையிடுங்கள். கட்டின அன்றே போயிருந்தால், எதிர்க் கணக்கில் காசு கிடந்திருந்தால், நிறுத்தி வைக்கக் கொஞ்சம் வாய்ப்பு இருந்திருக்கும். நாள் கடந்தால் அந்த வாய்ப்பு வேகமாகக் குறையும். உங்கள் 18,500 திரும்பும் என்று நான் நம்பிக்கை கொடுக்க மாட்டேன். ஆனாலும் முறைப்பாடு வேண்டும், ஏனென்றால் உங்கள் அடையாள அட்டைப் படம் அவர்களிடம் இருக்கிறது. நாளை உங்கள் பெயரைச் சொல்லி வேறொருவரை ஏமாற்றினால், நீங்கள் முன்னரே முறையிட்டதற்கான தாள் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

முறைப்பாட்டைப் பக்கத்துப் பொலிஸ் நிலையத்தில் கொடுக்கலாம். தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. விளங்காத மொழியில் எழுதின வாக்குமூலத்தில், வாசித்துச் சொல்லாமல் கையெழுத்து வைக்காதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் உங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவியைக் கூட்டிப் போங்கள். போன், கணக்கு தொடர்பான பாதுகாப்புக்கு 101 என்ற இலக்கத்தில் இலங்கை செர்ட் என்ற இணையப் பாதுகாப்பு அமைப்பிடம் ஆலோசனை கேட்கலாம். படங்களை மாற்றி மிரட்டினால் பெண்களுக்கான 1938க்கும் எடுங்கள். ஓடிபி இலக்கமோ பின் இலக்கமோ எப்போதாவது சொல்லியிருந்தால், எல்லாவற்றுக்கும் முன்னால் வங்கிக்கு எடுத்து அட்டையையும் இணைய வங்கிச் சேவையையும் நிறுத்துங்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து, கடன் தகவல் பணியகத்திடமிருந்து, அதாவது நாங்கள் கிறிப் என்று சொல்வதிடமிருந்து, உங்கள் சொந்த அறிக்கையை எடுத்துப் பாருங்கள். நீங்கள் எடுக்காத கடன் ஏதாவது உங்கள் பெயரில் பதிவாகியிருந்தால் அதில் தெரிய வாய்ப்பு இருக்கிறது. "கிறிப்பில் பெயர் விழுந்திருக்கிறது, காசு தந்தால் அழித்துத் தருகிறோம்" என்று யாராவது வந்தால் அதுவும் மோசடிதான். அந்தப் பதிவை வெளியாள் அழிக்க முடியாது.

கணவருக்கு இன்னும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தங்கச்சி, இன்றைக்கே சொல்லிவிடுங்கள். நான் கண்டதில் 18,500 போனதால் உடைந்த குடும்பங்கள் குறைவு. அதை மறைக்க நகையை அடகு வைத்து, அடகை மீட்க, நாளுக்கு நாள் ஏறும் மீற்றர் வட்டிக்கு எடுத்து, கடைசியில் எல்லாம் ஒரே நாளில் வெளிவந்து உடைந்தவைதான் கூட. நீங்கள் மறைப்பீர்கள் என்பதும் அந்த ஆட்களின் கணக்கில் இருக்கிறது. "வீட்டில் சொல்லாதீர்கள், கடன் தாமதமாகும்" என்று சிலர் வெளிப்படையாகவே சொல்வார்கள். இன்னொரு கூட்டமும் உங்களைத் தேடி வரலாம்: போன காசை மீட்டுத் தருகிறோம், எங்கள் கட்டணம் 5,000 மட்டும் என்று. பெரும்பாலும் அதே ஆட்கள் அல்லது அவர்களிடம் உங்கள் இலக்கத்தை வாங்கினவர்கள்.

கடன் தேவை அப்படியே இருக்கிறது, அதையும் விட்டுவிட முடியாது. வங்கி இல்லை என்றதற்குக் காரணம் காணிக்குச் சொந்த உறுதி இல்லாமல் அரசு தந்த அனுமதிப்பத்திரம் மட்டும் இருப்பதாக இருக்கலாம்; எங்கள் பக்கத்தில் பலரின் நிலை அதுதான். பிரதேச செயலாளரின் முன்கூட்டிய எழுத்துச் சம்மதம் இல்லாமல் அந்தக் காணியை ஈடு வைக்க முடியாது. ஆகவே "பெர்மிற்றைத் தாருங்கள், கடன் தருகிறேன்" என்று சொல்லும் தனியாளிடம் மூலப் பத்திரத்தைக் கொடுக்கவே கூடாது. ஏடிஎம் அட்டையையும் பின் இலக்கத்தையும் பிணையாக வாங்குகிறவர்களிடமும், வெற்றுக் காசோலையில் கையெழுத்துக் கேட்பவர்களிடமும் போகாதீர்கள். 5 இலட்சத்தை ஒரேயிடத்தில் தேடாமல் இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். லான்ட்மாஸ்டர் திருத்தத்துக்கு உங்கள் ஊர்ச் சிக்கன கடனுதவுக் கூட்டுறவுச் சங்கத்திலோ சமுர்த்தி வங்கியிலோ கேட்கலாம். தொகை சிறிதாக இருக்கும், அங்கத்தவராகிச் சில மாதம் சேமிக்கவும் சொல்வார்கள். கச்சான் விதைக்கும் உழவுக்கும் கமநல சேவை நிலையத்தில், இந்தப் போகத்துக்கு அரச வங்கிகளில் என்ன செய்கைக் கடன் நடைமுறையில் இருக்கிறது என்று கேளுங்கள். அது வருடத்துக்கு வருடம் மாறும், ஆதலால் போன வருடம் பக்கத்து வீட்டார் சொன்னதை வைத்துப் போகாதீர்கள். நகை இருந்தால் வங்கியில் அடகு வைப்பது கிழமைக் கடனைவிட மேல், சீட்டை மட்டும் பத்திரமாக வையுங்கள். வங்கிக்குத் திரும்பப் போகும்போது போன தடவை ஏன் இல்லை என்றார்கள் என்பதைத் தெளிவாகக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தக் காரணத்தை இங்கே எழுதினால், அடுத்த விண்ணப்பத்தில் எதை மாற்றலாம் என்று நான் பார்த்துச் சொல்கிறேன். அடையாள அட்டை இலக்கத்தையோ கணக்கு இலக்கத்தையோ இங்கே போட வேண்டாம்.